எரிபொருள் வேண்டாத ஆலையில் எத்தனை பேருக்கு வேலை?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து உண்டு. முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. ஐந்தும் முழுச் சுமையில் ஓடினால் ஒரு நாளில் இரண்டரைக் கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் எரிக்க வேண்டும். அப்படியானால் நாளொன்றுக்குப் பதினேழாயிரம் டன்னுக்கு மேல். அந்த நிலக்கரி ஒடிசாவின் தால்சேரில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, கன்வேயரில் ஏறிப் பொடியாகிக் கொதிகலனுக்குள் விழுகிறது. எரிந்த பிறகு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சுகிறது. வெட்ட ஆள், ஏற்ற ஆள், இறக்க ஆள், சாம்பலை அள்ள ஆள். நாளை காலையும் இதே வேலை இதே அளவில் காத்திருக்கும்.

அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தென்மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகிற இடத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு திறப்பு. வைகாசி பிறந்ததும், கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று அந்தத் திறப்புக்குள் நெருக்கியடித்து நுழைந்து வேகமெடுக்கிறது. முப்பந்தலிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிற்கும் காற்றாலைகள், ஊர்க்காரர்கள் சொல்கிற காத்தாடிகள், புரட்டாசி வரை அந்தக் காற்றில் சுற்றுகின்றன. அவற்றுக்கு ஒரு கைப்பிடி நிலக்கரி வேண்டாம். அள்ளுவதற்குச் சாம்பலும் இல்லை, அதை அள்ளும் ஆளும் இல்லை.

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் செலவு, அதனால் கிடைக்கும் வேலை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்த ஒரே வேறுபாட்டில் இருக்கிறது. எரிபொருள் போனால் எரிபொருளின் விலை போகும். அதைச் சுமந்த கைகளின் வேலையும் போகும். மேடைகளில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ஆதரிப்பவர்கள் “மின்சாரமும் மலிவு, வேலையும் பெருகும்” என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் “செலவும் கூடும், வேலையும் போகும்” என்கிறார்கள். ஒருவர் கையில் கூலியாகச் சேரும் பணம்தான் இன்னொருவர் கணக்கில் செலவாக விழுகிறது என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. இந்த மாற்றம் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவன் நான். அதனால்தான் கணக்கை ஒளிக்காமல் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் செலவு. அனல்மின் நிலையம் நடத்துவது வாடகை வீட்டில் இருப்பது மாதிரி. மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வாடகை எப்போது ஏறும் என்றும் தெரியாது. சூரிய மின்நிலையம் கட்டுவது வங்கிக் கடனில் சொந்த வீடு கட்டுவது மாதிரி. பணம் முழுவதும் முதல் நாளே வேண்டும், பிறகு தவணை மட்டும்தான். இந்தத் தவணையை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க 4.5 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வெயிலில் அது ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் யூனிட் தரும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 6 லட்சம். முதலீட்டை 25 ஆண்டுகளில் 9 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டினால் ஒரு யூனிட்டின் அடக்கவிலை 3 ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. வட்டி 6 சதவீதமானால் அதே நிலையம், அதே வெயில், அதே பேனல், யூனிட் 2 ரூபாய் 40 காசு. வட்டி 12 சதவீதமானால் 3 ரூபாய் 70 காசு.

இந்தக் கணக்கில் வெயிலை விடவும் வட்டிக்கு வலிமை அதிகம். வெயில் இலவசம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் வெயிலைப் பிடிக்கிற பணம் இலவசம் இல்லை. ஆகவே ஒரு மாநிலத்தில் பசுமை மின்சாரம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதில் வங்கிக்காரரின் மனநிலைக்குப் பெரிய பங்குண்டு. ஒப்பந்தப்படி பணம் வந்துசேருமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தால் வட்டியை அரை சதவீதம் ஏற்றிவிடுவார். தமிழ்நாட்டு மின்வாரியத்தின் திரண்ட நட்டம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது; காற்றாலை உற்பத்தியாளர்களுக்குப் பல மாதங்கள் பணம் நிலுவையில் கிடந்த காலங்களும் உண்டு. அந்தத் தாமதத்தின் விலையைக் கடைசியில் கட்டுவது மின்கட்டண அட்டை வைத்திருக்கும் குடும்பம்தான்.

இந்த 4.5 கோடி எப்படி இந்த அளவுக்கு இறங்கியது என்பது தனிக் கதை. இந்தியாவின் தேசிய சூரிய மின்திட்டத்தின் முதல் ஏலம் 2010-ல் நடந்தபோது மிகக் குறைந்த விலையே யூனிட்டுக்கு 10 ரூபாய் 95 காசு. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தபோது அதற்கு ஒப்பந்தமான விலை 7 ரூபாய் 1 காசு. அடுத்த ஆண்டே ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் முடிந்தது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. பிறகு விலை இரண்டரை ரூபாயை ஒட்டி நின்றுகொண்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு, கீழே வருகிறது.

விலை இப்படி விழும் விதத்தை முதலில் கண்டு எழுதியவர் மின்சாரத்துறைக்காரர் இல்லை. தியோடர் ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் 1936-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தொழிற்சாலை அதுவரை செய்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும், ஒரு விமானம் செய்யத் தேவைப்படும் உழைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது என்று அதில் காட்டினார். செய்யச் செய்யக் கை பழகுகிறது, வீண் குறைகிறது, கருவி மேம்படுகிறது. சூரிய மின்தகடுகளின் விலையும் பல பத்தாண்டுகளாக இதே கோட்டில்தான் இறங்கி வந்திருக்கிறது. உலக உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நிலக்கரிக்கு இந்தக் கோடு வாய்க்கவில்லை. எத்தனை கோடி டன் தோண்டினாலும் அடுத்த டன்னையும் அதேபோல் தோண்டி, அதேபோல் சுமந்துதான் வர வேண்டும்.

ரைட்டின் கட்டுரையில் நான் அடிக்கோடிட விரும்புவது வேறொன்று. அவர் அளந்தவற்றில் முதன்மையானது உழைப்பு. மனித நேரம் குறைந்தது, அதனால் விலை இறங்கியது. சூரிய மின்சாரம் மலிவானதற்கும் வேலை குறைந்ததற்கும் பெரும்பகுதி ஒரே காரணம்தான். பத்தாண்டுக்கு முந்தைய ஓர் அறிக்கையை எடுத்து “ஒரு மெகாவாட்டுக்கு இத்தனை வேலை” என்று இன்றைய திட்டத்தோடு பெருக்கிச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காற்றாலையில் இது கண்ணுக்கே தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்கு ஆகிறது. இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் இரண்டு மடங்கானால் பிடிக்கும் காற்று நான்கு மடங்கு. 1986-ல் தூத்துக்குடிக் கடற்கரையில் சோதனைக்காக நிறுத்தப்பட்டவை 55 கிலோவாட் எந்திரங்கள். தொண்ணூறுகளில் முப்பந்தலில் வந்தவற்றில் பல 225, 250 கிலோவாட். இறக்கை வட்டம் முப்பது மீட்டர் அளவு. இன்று 120 மீட்டர் வட்டம் சாதாரணம். பரப்பில் பதினாறு மடங்கு. தரையிலிருந்து எவ்வளவு உயரே போகிறோமோ அவ்வளவு வேகமான காற்று கிடைப்பதால், உயர்ந்த கோபுரம் கூடுதல் இலாபம். ஆனால் ஒரு வேதனை என்னவென்றால், காற்று மிக நன்றாக அடிக்கும் இடங்களை எல்லாம் முதலில் வந்த சின்ன எந்திரங்கள் பிடித்துக்கொண்டன. அவற்றைக் கழற்றிப் புதிது நிறுத்தத் தமிழ்நாடு அரசு 2024-ல் கொள்கை அறிவித்தது. பத்துப் பழைய எந்திரத்தின் வேலையை ஒரு புதிய எந்திரம் பார்க்கும். பத்துக்கும் தனித்தனியாக ஏறி எண்ணெய் மாற்றிய தொழில்நுட்பப் பணியாளர் இனி ஒன்றில் ஏறினால் போதும்.

சரி, வேலை எங்கேதான் இருக்கிறது? எரிசக்திக் கொள்கையை ஆராயும் சிஇஇடபிள்யூ, பசுமை வேலைத் திறன் மன்றம் முதலிய அமைப்புகள் இந்திய நிறுவனங்களிடம் கேட்டுத் திரட்டிய மதிப்பீடு ஒன்று பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. தரையில் அமைக்கும் பெரிய சூரிய நிலையத்தில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் மூன்றரை ஆள்-ஆண்டு வேலை. காற்றாலையில் சுமார் ஒன்றேகால். கூரைமேல் அமைக்கும் சூரிய மின்சாரத்தில் சுமார் 25. ஆள்-ஆண்டு என்றால் ஒருவர் ஓராண்டு முழுக்கச் செய்யும் வேலை. மூவர் நிரந்தர உத்தியோகத்தில் இருப்பார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கட்டும்போது முப்பது பேர் ஒரு மாதம் உழைத்தாலும் கணக்கில் இரண்டரை ஆள்-ஆண்டு ஆகிவிடும். அதன் பிறகு அவர்கள் வேறு ஊர் பார்த்துப் போக வேண்டும்.

கமுதி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள், எட்டு மாதத்தில் கட்டி முடித்த வேகம். கட்டுமானத்தில் சுமார் 8,500 பேர் ஈடுபட்டதாக நிறுவனம் அறிவித்தது. கட்டி முடிந்த பிறகு பேனல்களைத் துடைப்பதைக்கூட, தண்ணீர் தட்டுப்பாடுள்ள அந்த மண்ணில், தானே மின்னேற்றிக்கொள்ளும் எந்திரங்கள் செய்கின்றன. தண்ணீர் மிச்சம், செலவும் மிச்சம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வட்டாரம் வானம் பார்த்த பூமி. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டும், ஆடு மேய்த்தும், மழை பெய்த ஆண்டில் மிளகாயும் சோளமும் போட்டும் பிழைக்கிற ஊர்கள். நிலத்தை விற்றவருக்கும் குத்தகைக்கு விட்டவருக்கும் பணம் வருகிறது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கும், அதில் ஆட்டை ஓட்டிப்போனவருக்கும் பத்திரத்தில் பெயர் கிடையாது, ஆகையால் பணமும் கிடையாது. மேல்நாட்டு அறிக்கைகளில் இந்த இழப்பு பெரும்பாலும் வருவதில்லை. நம் கணக்கிலாவது வர வேண்டும்.

மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். நிலக்கரி அழித்த வேலைகளை யாரும் நிலக்கரியின் கணக்கில் பற்று எழுதவில்லை. வடசென்னையில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்தது. ஆழம் குறைந்தது, இறாலும் நண்டும் குறைந்தன, பரம்பரையாகக் கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் தடவிய குடும்பங்கள் தொழிலை இழந்தன. அந்த இழப்பும் மின்சாரத்தின் விலைதான்; ஆனால் கட்டண ரசீதில் அது அச்சாகவில்லை. அதை மீனவர்கள் கட்டினார்கள். நிலக்கரி மின்சாரம் மலிவு என்று சொல்லும்போது யாருக்கு மலிவு என்று கேட்பது என் வழக்கம்.

கூரைக்கு வருவோம். ஒரு மெகாவாட்டைப் பாலைநிலத்தில் மொத்தமாகப் பரப்புவதற்கும், முந்நூறுக்கும் மேற்பட்ட வீட்டு மொட்டைமாடிகளில் மூன்று மூன்று கிலோவாட்டாகப் பிரித்து வைப்பதற்கும் உழைப்பில் பெரிய வேறுபாடு. அத்தனை வீட்டுக்கும் போய்ப் பேச வேண்டும், மாடி அளக்க வேண்டும், நிழல் விழுமா பார்க்க வேண்டும், இரும்புச் சட்டம் வளைக்க வேண்டும், வயர் இழுக்க வேண்டும், மீட்டர் மாற்ற மின்வாரிய அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். இத்தனை நடையும்தான் கூலி. அதனால்தான் 25. அதனால்தான் ஒரு மெகாவாட்டுக்கு ஆகும் செலவும் கூடுதல். ஆனாலும் வீட்டுக்காரருக்கு இலாபமே. அவர் ஒப்பிடுவது கமுதியின் அடக்கவிலையோடு இல்லை. தான் கட்டும் சில்லறைக் கட்டணத்தோடு. மேலும் அந்த மின்சாரம் உயரழுத்தக் கோபுரங்களில் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வழியில் தேய்வதும் இல்லை.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளுக்கான கூரைத் திட்டத்தை 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இதில் குஜராத்தும் பக்கத்துக் கேரளமும் காட்டிய வேகத்தைத் தமிழ்நாடு காட்டவில்லை. இரு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்ற ஏற்பாடும், அதிக யூனிட் பயன்படுத்துபவர்களிடம் மட்டும் கட்டணம் கூடுதலாக இருப்பதும் ஒரு காரணம். சின்ன வீட்டுக்காரருக்குக் கூரையில் பணம் போட அவசரம் இல்லை. இலவச யூனிட்டை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மானியப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு ஏழை வீட்டின் கூரையிலேயே பேனலை வைத்துக் கொடுத்தால், அரசுக்குப் பிற்காலச் சுமை குறையும், ஐடிஐ முடித்த எலெக்ட்ரீஷியன் பையனுக்கும் பெண்ணுக்கும் சொந்தத் தாலுகாவிலேயே வேலை கிடைக்கும். தமிழ்நாட்டில் ஐடிஐ இல்லாத மாவட்டம் கிடையாது.

வேலை பெருகும் இன்னொரு இடம் தொழிற்சாலை. அனைத்துலகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி 2023-ல் உலகம் முழுக்க இந்தத் துறையில் 1.62 கோடி வேலைகள். அவற்றில் 74 லட்சம் சீனாவில். இந்தியாவில் ஏறக்குறைய 10 லட்சம். சீனாவில் காற்றும் வெயிலும் நம்மைவிட அதிகம் என்பதால் வந்த எண்ணிக்கை இல்லை இது. சூரிய மின்தகட்டின் ஒவ்வொரு படியிலும், சிலிக்கானைச் சுத்திகரிப்பதிலிருந்து சட்டம் பூட்டுவது வரை, உலக உற்பத்தித் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கே குவிந்திருக்கிறது. நாம் பேனலை இறக்குமதி செய்து நட்டால் வேலையின் பெரும்பகுதி கப்பலேறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பொருள்.

இதை மாற்றத்தான் இந்திய அரசு 2022 ஏப்ரலில் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதமும், உள்ளிருக்கும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்கவரி விதித்தது. ஏல விலை 1.99-க்கு மீண்டும் இறங்காமல் நின்றதற்கு நான் மேலே குறிப்பிட்ட காரணம் இதுதான். வரியின் பலன் தமிழ்நாட்டில் தெரிகிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 3.3 கிகாவாட் ஆலையை 2024 ஜனவரியில் திறந்தது; சுமார் 1,000 பேருக்கு வேலை. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் 4.3 கிகாவாட் செல், பேனல் ஆலையைக் கட்டியிருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோவையில் காற்றாலைக் கியர்பாக்ஸ், சென்னைக்கு வெளியே எந்திரத் தலைப்பகுதி, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதியாகும் நெடும் இறக்கைகள் என்று காற்றாலைத் தொழில் பழையது, ஆழமானது. அது ஒரே நாளில் வந்ததில்லை. பம்ப்செட்டும் நூற்பாலை எந்திரமும் செய்து பழகிய கோவைப் பட்டறைகளின் மேல் வந்தமர்ந்தது.

ஆனாலும் அந்தப் புதிய ஆலைகளின் எண்ணிக்கையை மறுபடி பார்க்க வேண்டும். 3.3 கிகாவாட்டுக்கு ஆயிரம் பேர். பல ஆயிரம் கோடி முதலீடு, ரோபாட் கைகள், தூசி புகாத அறைகள். தீப்பெட்டியும் பட்டாசும் பின்னலாடையும் தந்த மாதிரி லட்சக்கணக்கில் இவை வேலை தராது. வரியினால் யூனிட்டுக்குச் சில காசு கூடுகிறது. அந்தக் காசு இந்த ஆயிரம் பேரின் சம்பளமாகவும், ஆலை உரிமையாளரின் இலாபமாகவும் பிரிகிறது. நான் அந்தச் சில காசைக் கொடுக்கச் சம்மதிப்பேன். தொழில்நுட்பம் கையில் இருப்பதற்கு ஒரு மதிப்புண்டு, கங்கைகொண்டானில் முதல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் ஒரு மதிப்புண்டு. ஆனால் அது செலவு என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

பசுமை மின்சாரம் தருகிற மிகப் பெரிய வேலைவாய்ப்பு எனக்குத் தெரிந்து காற்றாலையிலோ பேனல் ஆலையிலோ இல்லை. அது திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பங்கு முதலில் நூற்பாலைக்காரர்களும் சிமெண்ட் ஆலைக்காரர்களும் வாங்கியவை. முதல் ஆண்டிலேயே எந்திர விலையின் பெரும்பகுதியைத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. காற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. முப்பந்தலில் சுற்றிய காத்தாடி பல்லடத்தில் கதிரை ஓட்டியது. 2008-க்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் மின்வெட்டு எப்படிச் சிறுதொழில்களை முடக்கியது என்பதைக் கோவைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். லேத் பட்டறைகள் பாதி நேரம் மூடிக் கிடந்தன; டீசல் ஜெனரேட்டர் வைக்க வசதி இல்லாதவர் கூலியாட்களை அனுப்பிவிட்டார். நம்பகமாகவும் மலிவாகவும் மின்சாரம் கிடைத்தால் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வேலை நிலைக்கிறது. அந்த வேலையைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் வரவில் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் மற்ற எல்லா எண்ணையும் அது விழுங்கிவிடும்.

நம்பகம் என்றதும் மாலை நேரம் நினைவுக்கு வரும். சூரியன் ஐந்தரைக்கு ஓய்கிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் ஏசியும் ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-ம் நாள் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்று ஆடியில் கொட்டும், தையில் அடங்கிவிடும். ஆகவே பேனலின் அடக்கவிலையை மட்டும் காட்டி மொத்தச் செலவும் அவ்வளவுதான் என்பது அரைக் கணக்கு. பகலில் மிஞ்சியதை இரவுக்குக் கொண்டுபோகும் செலவைச் சேர்க்க வேண்டும். கோவை மாவட்டத்து மலையில் காடம்பாறை நிலையம் 1987 முதல் இந்த வேலையைச் செய்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது கீழணையிலிருந்து மேலணைக்குத் தண்ணீரை ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி, 400 மெகாவாட் வரை தருகிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று எழுகிறது.

பேட்டரியின் விலை இறங்கிய வேகம்தான் என்னை இந்தத் துறையில் மிக வியக்க வைத்தது. இரண்டு மணி நேரம் மின்சாரம் தரக்கூடிய ஒரு மெகாவாட் பேட்டரிக்கு மாத வாடகை என்று நாட்டில் ஏலம் விடுகிறார்கள். 2022-ல் அது 10.8 லட்சம் ரூபாய். மூன்றே ஆண்டுகளில், அரசு மானியத்தின் உதவியும் சேர்ந்து, இரண்டரை லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. ரைட்டின் கோடு இங்கேயும் ஓடுகிறது. மாலை நேரத்துக்காகவே புதிதாக அனல்மின் நிலையம் கட்ட வேண்டும் என்ற வாதம் ஐந்து ஆண்டுக்கு முன்பு வலுவாக இருந்தது. இன்று அதைச் சொல்பவர் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எஞ்சியிருப்பது மிகக் கடினமான பகுதி: நெய்வேலி. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது நிலம் கொடுத்தவர்கள் வேலை எதிர்பார்த்துக் கொடுத்தார்கள். சோவியத் உதவியோடு 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-ல் மூடப்பட்டது. நிரந்தரப் பணியாளருக்கு அங்கே குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியப் பலன் எல்லாம் உண்டு. ஒரு தலைமுறையையே நடுத்தர வர்க்கமாக்கிய வேலை அது. அதன் பக்கத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள், நிலம் கொடுத்த குடும்பங்கள் வாக்குறுதியைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அதே நிறுவனம் இப்போது தமிழ்நாட்டின் பல இடங்களில் சூரிய நிலையங்களையும் நடத்துகிறது. ஆனால் சுரங்கத்தில் ராட்சத எந்திரம் ஓட்டும் ஐம்பது வயதுக்காரரை ராமநாதபுரத்துப் பேனல்களுக்கு நடுவே அனுப்ப முடியாது. அங்கே அவருக்கு வேலையும் இல்லை, குடும்பம் பெயரவும் செய்யாது.

எண்ணிக்கையில் ஈடாகிவிட்டது என்று சொல்லி நெய்வேலிக்காரரைச் சமாதானப்படுத்த முடியாது என்பதற்கு இதுவே காரணம். போகிற வேலை நெய்வேலி வட்டாரத்தில். வருகிற வேலை கங்கைகொண்டானில். போகிற வேலை நிரந்தரம். வருகிறதில் பெரும்பகுதி ஒப்பந்தம். தால்சேரில் நிலக்கரி வெட்டுகிற ஒடியா தொழிலாளிக்கு நம் மாநிலத்தின் மாற்றத்தில் ஓட்டும் இல்லை, பங்கும் இல்லை; நாம் வாங்குவதை நிறுத்தினால் இழப்பு மட்டும் அவருக்கு வரும். சுரங்கம் மூட இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளே நம் கையிலிருக்கும் முதல். ஓய்வு பெறுகிறவர் இடத்தைப் புதிதாக நிரப்பாமல், இளையவர்களுக்கு இப்போதே மாற்றுப் பயிற்சி கொடுத்து, பேட்டரி நிலையங்களையும் பாக உற்பத்தியையும் நெய்வேலியிலேயே அமைத்தால் எவரையும் தெருவில் நிறுத்தாமல் மாற முடியும். அங்கே ஏற்கெனவே உயரழுத்த மின்பாதைகள் வந்து கூடுகின்றன, நிலம் இருக்கிறது, மின்சாரம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். இதற்குச் செலவாகும். யூனிட்டுக்குச் சில காசு. பேனல் ஆலைக்காக வரியாகச் சில காசு கொடுக்கச் சம்மதிக்கும் நாம், மின்சாரத்துக்காக ஊரையே தோண்டக் கொடுத்தவர்களுக்காகவும் கொடுக்கலாம்.

அடுத்த கணக்கு கடலில் வரப்போகிறது. மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுப் பக்கம் காற்று ஆண்டின் பெரும்பகுதி வலுவாக வீசுகிறது. மத்திய அரசு 2024 ஜூனில் குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் 500 மெகாவாட் வீதம் கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் ஆதரவு நிதியை அறிவித்தது. நிலத்துக் காற்றாலையைவிடக் கடல் காற்றாலைக்குச் செலவு பல மடங்கு கூடுதல்: கடலடியில் அடித்தளம், பிரத்தியேகக் கப்பல், உப்புக் காற்றைத் தாங்கும் எந்திரம், கரைவரை கேபிள். அத்தனைக்கும் வெல்டரும் படகோட்டியும் முக்குளிப்பவரும் பழுதுபார்ப்பவரும் வேண்டும், ஆண்டு முழுக்க வேண்டும். விலை கூடிய மின்சாரம்தான், வேலையும் கூடிய மின்சாரம். அந்தக் கடலில் ஏற்கெனவே விசைப்படகும் நாட்டுப்படகும் வலை விரிக்கின்றன. கோபுரங்களுக்கு நடுவே வலை போட விடுவார்களா, எத்தனை தூரம் தள்ளிப் போகச் சொல்வார்கள், பராமரிப்புப் படகை ஓட்ட உள்ளூர்ப் பையன்களைச் சேர்ப்பார்களா என்ற கேள்விகளுக்கு விடை கட்டுமானம் முடிந்தபின் தேடக் கூடாது. டெண்டர் ஆவணத்திலேயே, விலைக்குப் பக்கத்து வரியிலேயே, அது எழுதப்பட வேண்டும்.